நாற்பத்தொன்றாம் நம்பருக்குச் சாரல்

நூலின் ஒரு முனையை இடது ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்று, மறுமுனையை வலது விரலில் இரண்டு சுற்று. காதோரம் வைத்துக்கொண்டு இழுக்கிறார் தனசீலன். நூல் அறுகிறது. உதட்டைப் பிதுக்குகிறார். மூங்கில் தூணில் தொங்கும் கண்டிலிருந்து இன்னொரு சாண் நூலை உருவி மறுபடியும் இழுக்கிறார். அதுவும் அறுகிறது. "சத்தம் கேட்டியளா சார்? டப்புனு வந்துது. காத்து காஞ்சு கெடக்கு" என்கிறார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டி, வேர்வை காதுக்குப் பின்னால் ஓடுகிறது. இதைக் காய்ந்த காற்று என்று சொல்லும் மனிதரிடம் என்ன பேச முடியும்? ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

பிறகு கைப்பம்பிடம் போகிறார். எண்ணாமல் அடிக்கிறார். ரப்பர்க் குழாயின் நுனியிலிருக்கும் பித்தளை மூக்கிலிருந்து தண்ணீர் வருவது தெரிவதில்லை. கொட்டகையின் மறுகோடி மங்கலாகிறது, அவ்வளவுதான். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் நூலை இழுக்கிறார். இந்தத் தடவை அது கொஞ்சம் அடம்பிடித்துவிட்டுத்தான் அறுகிறது. அவருக்குத் திருப்தி. பீடி பற்ற வைக்க வெளியே போகிறார். கொட்டகைக்குள் பீடி குடிக்கக் கூடாது என்பது டாக்டர் பாயி போட்ட சட்டம் இல்லை, அவரே போட்டது.

இது செம்பூரைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு பார்சிக் குடும்பத்து அறக்கட்டளை நடத்தும் தோட்டம். பஸ் டிரைவர்கள் 'ஜங்கிள் பகீச்சா', காட்டுப் பூங்கா, என்பார்கள். ரோஜாப் பாத்தியும் ஊஞ்சலும் பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இங்கே இருப்பதெல்லாம் சஹ்யாத்ரியிலிருந்து நம் அகத்தியமலை வரையில் மழைக்காடுகளில் பிறந்த செடிகள். அணைக்கும் தேயிலைக்கும் காடு அழிகிற இடங்களுக்கு ஆள் அனுப்பி, விதையோ கன்றோ கிழங்கோ கொண்டுவந்து காப்பாற்றுகிறார்கள். செம்பூரில் சிந்திக்காரர்களுக்கு ஓர் அகதி முகாம் இருக்கிறதல்லவா, இது செடிகளுக்கு என்று டாக்டர் பாயி ஒரு தடவை சொன்னார். பாயி என்றால் இங்கே அம்மாள். தாவர சாஸ்திரம் படித்த மராட்டிய அம்மாள். தோட்டத்துக்கு அவர்தான் தலைவி. அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை.

காட்டிலிருந்து செடியைக் கொண்டுவரலாம். மழையை எப்படிக் கொண்டுவருவது? பம்பாயில் நான்கு மாதம் மழை கொட்டும், எட்டு மாதம் வானம் வாயே திறக்காது. கடலோர ஊர்தான், புழுக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஜனவரியில் கிழக்கேயிருந்து ஒரு வறட்டுக் காற்று வந்து உதட்டை வெடிக்க வைக்கும். மழைக்காட்டுக் கன்றுக்கு அது எமன். ஆகவே சாக்கும் மூங்கிலும் வைத்துக் கட்டிய நீளமான கொட்டகை ஒன்று உண்டு. அதற்குள் வருஷம் முழுவதும் மழைக்காலம். அந்த மழைக்காலத்தின் பெயர்தான் தனசீலன்.

இவர் மாலியாக, அதாவது தோட்டக்காரராக, வந்தவர் இல்லை. பரேல் பக்கம் ஒரு பஞ்சாலையில் பதினான்கு வருஷம் தறிக்கூடத்தில் ஈரம் பார்த்தவர். ஆலையில் காற்று காய்ந்தால் நூல் அறும், நூல் அறுந்தால் தறி நிற்கும். ஆகவே கூரையில் வரிசையாகப் பித்தளை மூக்குகளை வைத்துப் பனிபோல் தண்ணீரை ஊதுவார்கள். அந்த மூக்குகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்வதும், எந்த வரிசைக்கு எவ்வளவு ஈரம் என்று பார்ப்பதும் இவர் வேலை. தோட்டத்துக்கு மூக்கு வாங்க டாக்டர் பாயி அந்த ஆலைக்குப் போனாராம். அவர் கையிலிருந்த சாமானைப் பார்த்து, "இது நனைக்கும், ஈரமாக்காது" என்று இவர் சொன்னாராம். மறுமாதமே வேலை. இந்தக் கதையை என்னிடம் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றில் டாக்டர் பாயி நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிடுகிறார். அந்த வாக்கியம் மட்டும் மூன்றிலும் மாறவில்லை, ஆகவே அதை நம்புகிறேன்.

செடிகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதில் வெட்கமும் கிடையாது. ஆர்க்கிட் ஒன்று ஐந்து வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பூத்து, டாக்டர் பாயி தன் சிநேகிதிகளையெல்லாம் டெலிபோனில் கூப்பிட்டு அழைத்த அன்று, இவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். எல்லாச் செடிக்கும் தறிக்கு வைப்பதுபோல நம்பர்தான். "பன்னெண்டு நல்லா ஓடுது, பதினேழுதான் அடிக்கடி நிக்கி" என்பார். ஓடுவது என்றால் தளிர் விடுவது. நிற்பது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. கொட்டகைக்கு இரட்டைக் கதவு. முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். காலேஜ் பெண்கள் இரண்டையும் ஒன்றாகத் திறந்துகொண்டு நின்று கூட வந்தவளை அழைப்பார்கள். இவர் உடம்பெல்லாம் துடிக்கும். ஓர் ஆள் உள்ளே வந்தால் ஒரு குடம் ஈரம் வெளியே போகிறது என்பது அவர் கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. டிபன் காரியரைத் திறந்துகொண்டு உள்ளேயே உட்காரப் பார்த்தார்கள். இவர் போய்ப் பம்பை நாலு அடி அடித்தார். எலுமிச்சைச் சாதம் தண்ணீர்ச் சாதமாகிவிட்டது. அந்தக் குடும்பத்தலைவர் என் மைத்துனர் என்பதை இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம். இன்றுவரை அவர் வீட்டில் எனக்கு அதற்கு ஏச்சு.

தனசீலனுக்குச் சொந்த ஊர் சாத்தான்குளத்துப் பக்கம் தேரிக்காடு. காடு என்பது பெயரில்தான், கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மணல். காற்று அடித்தால் நேற்று இருந்த மேடு இன்று வேறு இடத்தில் இருக்கும். அங்கே பிறந்தவர் பம்பாய்க்கு வந்து மழைக்காட்டுக்கு மழை செய்கிறாரே என்று நான் வியந்தபோது, "அங்க மழைய யாரு பாத்தா? அதனாலதான் சார் பாத்தா விடமாட்டேங்கேன்" என்றார். ஊரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அவ்வளவுதான். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் குடியிருக்கிறார். அங்கே அவர் வீட்டுக் கூரைமேல் தகரம், தகரத்தின்மேல் தார்ப்பாய், தார்ப்பாயின்மேல் இன்னொரு தகரம். தன் வீட்டில் ஒரு பொட்டு ஈரம் சேராது அவருக்கு.

நிஜ மழைக்காலத்தில் பார்க்க வேண்டும் இவரை. ஜூன் மாதம் வானம் இடிந்து விழும்போது கொட்டகைக்கு இவர் தேவையில்லை. சாக்கு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து மழையை முறைத்துக்கொண்டிருப்பார். அளவு தெரியாமல் கொட்டுகிறது என்று குறை சொல்வார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பாண்டுரங். சாதாரா ஜில்லாக்காரர், அறுபதை நெருங்கியவர், தோட்டத்தின் மூத்த மாலி. இவர் நேர் எதிர். செடிகளோடு பேசுவார், தடவிக்கொடுப்பார், கன்று பட்டுப்போனால் அன்று சாப்பிட மாட்டார். பம்பு, மூக்கு, வாஷர் எதுவும் ஆகாது. செடிக்குத் தண்ணீர் என்றால் சொம்பில் மொண்டு வேரில் விடுவது, இதில் என்ன இத்தனை வித்தை என்பது அவர் கட்சி. தனசீலனுக்கு மராட்டி வராது. பாண்டுரங்குக்குத் தமிழ் வராது. இருவரும் இந்தியில்தான் பேசிக்கொள்வார்கள். அந்த இந்தியைக் கேட்டால் இந்திக்காரன் ரயிலேறி ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான். ஆனாலும் மூன்று வருஷம் காரியம் நடந்தது.

பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷத்துக்கு அடுத்த வருஷம், ஜனவரியில், நாற்பத்தொன்று வந்தது. தெற்கே ஒரு பள்ளத்தாக்கில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஏறப்போகும் சரிவில் ஒரே ஒரு மரம், டாக்டர் பாயி வேறெங்கும் பார்த்திராத ஜாதி. அதிலிருந்து ஏழு விதைகளை ஈரப்பாசியில் பொதிந்து ரயிலில் அனுப்பினார்கள். இந்த மாதிரி விதையை டப்பாவில் போட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்க முடியாது. காய்ந்தால் போயிற்று. ஏழில் மூன்று முளைத்தன. முளைத்த வாரத்தில், மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று கடிதம் வந்தது. டாக்டர் பாயி அந்தக் கடிதத்தைத் தானே கொண்டுவந்து தனசீலனிடம் இந்தியில் படித்துக்காட்டினார். இனிமேல் இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்து இது மூன்றுதான், உன் கையில் இருக்கிறது என்றார்.

செடிக்கு முதுகைக் காட்டுகிற மனிதர் அன்றிலிருந்து மாறிப்போனார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதற்குமுன் விடியற்காலை பஸ் பிடித்து வந்து நாற்பத்தொன்றைப் பார்த்துவிட்டுப் போவார். மூன்றும் அரை விரல் உயரம். தலைக்கு இரண்டு இலை. ஒன்றின் இலை ஓரம் சிவந்திருந்தது என்று என்னிடம் கால்மணி நேரம் பேசினார். அவருக்கு நம்பர்களைத் தவிர வேறு பேச்சு உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிப்ரவரி கடைசியில் அவர் மனைவி செல்வமேரிக்குக் கழுத்துக் கட்டியைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு நாள் லீவு. கொட்டகையைப் பாண்டுரங்கிடம் ஒப்படைத்தார். பம்பைக் காட்டினார், நாற்பத்தொன்றைக் காட்டினார், காலை இரண்டு வேளை, மாலை இரண்டு வேளை என்று விரலை நீட்டிக் காட்டினார். கடைசியில், எல்லாவற்றையும்விட முக்கியமானதை, மறக்கக் கூடாது என்பதற்காகத் தன் இந்தியில் மூன்று தடவை சொன்னார், சாரல் மட்டும்தான், புரிந்ததா என்று. "ஸிர்ஃப் சாரல். சமஜா? ஸிர்ஃப் சாரல்." பாண்டுரங் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். தனசீலன் நிம்மதியாகப் போனார்.

திரும்பி வந்த அன்று சனிக்கிழமை. ஆபீஸ் அரை நாள் என்பதால் வழக்கம்போல நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். கொட்டகை வாசலில் நுழையும்போதே அவர் குரல் கேட்டது. கத்தவில்லை. "ஐயோ, ஐயோ" என்று மெதுவாக, பல்வலிக்காரர்போல. மூன்று தொட்டிகளிலும் மண் கரைந்து ஓரமெல்லாம் சிதறியிருந்தது. இரண்டு கன்றுகள் கழுத்து ஒடிந்து கிடந்தன. மூன்றாவது வேர் வெளியே தெரியச் சாய்ந்திருந்தது. ரப்பர்க் குழாயின் நுனியில் பித்தளை மூக்கு இல்லை. அது கழற்றித் துடைத்துப் பத்திரமாக ஜன்னல் சட்டத்தில் வைக்கப்பட்டிருந்தது.

டாக்டர் பாயியின் அறையில் விசாரணை. பாண்டுரங்மேல் ஏற்கெனவே இரண்டு புகார் உண்டு. இந்த மூன்றாவதோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அறக்கட்டளையின் காரியதரிசி எழுதியே கொண்டுவந்துவிட்டார். பாண்டுரங் மராட்டியில் பேசினால் தனசீலனுக்குப் புரியவில்லை, இவர் தமிழில் பொங்கினால் அங்கே யாருக்கும் புரியவில்லை. எனக்கு ஆபீஸ் தயவில் மராட்டி தெரியும் என்பதால் என்னைப் பிடித்து நடுவில் உட்கார்த்தினார்கள். வேடிக்கை பார்க்கப் போனவனுக்கு வேண்டியதுதான்.

பாண்டுரங் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். "தோ போல்லா ஸரள். மீ ஸரள் தில்ல." அவன் ஸரள் என்றான், நான் ஸரளாக விட்டேன்.

இதைக் கேட்டதும் தனசீலன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சரளா? சார், நான் எதுக்குச் சரளு போடச் சொல்லுதேன்? பச்சப் புள்ள கணக்கா நிக்கிற செடிக்கு யாராவது சரளக் கல்லப் போடுவானா? பொய்யி சார், அப்பட்டமான பொய்யி."

எனக்கு ஒரு நிமிஷம் தலை சுற்றியது. பிறகு விளங்கியது. விளங்கியதும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சிரித்துவிட்டேன். இரண்டு கன்று செத்துக்கிடக்க, ஒரு கிழவரின் வேலை போக இருக்க, நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். டாக்டர் பாயி பேனாவை மூடிவைத்து, சிரித்து முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றார்.

மராட்டியில் ஸரள் என்றால் நேர், நேராக. ஸிர்ஃப் இந்தி. 'ஸிர்ஃப் ஸரள்' என்றால் பாண்டுரங்குக்கு ஒரே அர்த்தம்தான்: தண்ணீரை நேராக விடு, வேறெப்படியும் விடாதே. நேராக வருவதற்கு அந்தப் பித்தளை மூக்கு தடையாக இருந்தது. கழற்றிவிட்டார். அவர் மனசுக்குச் சம்மதமே இல்லை. சொம்பால் வேரில் விடத்தான் கை வந்ததாம். ஆனால் இந்த ஈரக்காரன் மூன்று தடவை அழுத்திச் சொன்னானே என்று, செடி சாய்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, நாலு வேளையும் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறார்.

டாக்டர் பாயி என்னிடம், அப்படியானால் சாரல் என்றால் என்ன என்று கேட்டார். நான் மழை, சின்ன மழை என்று தடுமாறினேன். மாட்டுங்காவில் எங்களுக்கு எல்லாம் தூறல்தான். தனசீலனைக் கேட்டேன். அவர் ஒடிந்த கன்றைக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைநிமிராமல் சொன்னார்: "தூத்தல்னா மேல விழுறது தெரியும். சாரல்னா, நனைஞ்ச பொறவுதான் தெரியும்."

அதை இங்கிலீஷில் சொன்னேன். பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும். டாக்டர் பாயி காரியதரிசியின் காகிதத்தை நாலாக மடித்தார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், தப்பு வார்த்தையுடையது, எல்லோரும் வேலையைப் பாருங்கள் என்றார். நல்ல தீர்ப்பு. வெளியே வந்ததும் தனசீலனிடம் அப்படியே சொன்னேன்.

"வார்த்தை தப்புன்னா, வார்த்தையவா சார் தண்டிக்க முடியும்?" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "என்னால தாங்க முடியல சார்" என்றார். அவர் அழுது நான் பார்க்கவில்லை. முகம் எப்போதும் ஈரமாக இருக்கிற மனிதர், அழுதாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

மூன்றாவது கன்றை மறுபடியும் நட்டார்கள். பிழைக்குமா என்று டாக்டர் பாயியும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஆறு வாரம் தனசீலன் ஒருநாள் லீவு எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோயில் போயிற்று, தாடி வளர்ந்தது. பாண்டுரங்கோடு பேச்சு அடியோடு நின்றது. கிழவர் ஒரு வழியில் வந்தால் இவர் மறு வழியில் போவார். பாண்டுரங் சாக்கு இடுக்கு வழியாக எட்டி நாற்பத்தொன்றைப் பார்ப்பதை நான் இரண்டு தடவை பார்த்தேன். இவரும் பார்த்திருப்பார். காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு இவர்மேல் கோபமே வந்தது. ஒரு வயசான மனுஷனை இப்படியா வதைப்பது? சொன்னால் பம்பு சரியாக அடைக்கவில்லை என்று வாஷரைப் பார்க்கப் போய்விடுவார்.

ஒன்று மட்டும் நடந்தது. கன்று நிமிர்ந்தது. பழைய இலை இரண்டும் பழுத்து உதிர்ந்தன. நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு சிவப்புக் குருத்து வந்தது. இந்தக் குருத்து ஒரு வேளை காய்ந்தாலும் போயிற்று, ஒரு வேளை அடிபட்டாலும் போயிற்று, அது விரிந்தால்தான் பிழைத்தது என்று வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் பாயி சொல்லியிருந்தார்.

ஏப்ரலில் ஆஸ்பத்திரியிலிருந்து தேதி வந்தது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். மூன்று நாள் பக்கத்தில் ஆள் வேண்டும். நான் லேபர் கேம்ப் வீட்டுக்குப் போயிருந்த மாலை அது. செல்வமேரி கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு தையல் மிஷினில் பாவாடை தைத்துக்கொண்டிருந்தார். தனசீலன் தேதியை ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று விசாரிக்கலாம் என்றார். அந்த அம்மாள் மிஷினை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தள்ளிப் போடட்டும் அண்ணாச்சி. அந்தச் செடி வளந்து பூத்துச்சின்னா, எம் படத்துக்கு மால கட்ட ஒதவும்."

தனசீலன் எழுந்து வெளியே போனார். தகரத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, நாளைக்கு லீவு எழுதிக்கொடுத்துவிடுகிறேன் என்றார். அப்போது செல்வமேரி மிஷினை நிறுத்தி, அந்தக் கிழவரையே விட்டுவிட்டு வாருங்கள், அவர் கை நல்ல கை, நீங்கள் சொன்னதைத்தானே அவர் செய்தார் என்றார். கணவரோ, குழம்பு ஆறுகிறது என்று என்னைச் சாப்பிட உட்காரச் சொன்னார்.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ள வேறு யாருமில்லை என்பது உண்மை. டாக்டர் பாயி புணே போயிருந்தார். மற்ற மாலிகள் இரண்டு பேரும் புதுசு. ஆனாலும் தனசீலன் கேட்டிருந்தால் காரியதரிசி யாரையாவது கொடுத்திருப்பார்.

வியாழக்கிழமை பிற்பகல் நான் போனபோது கொட்டகையில் அவர் மட்டும் இருந்தார். மூக்கை ஊசியால் குத்தி, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலுக்குப் போய் இரட்டைக் கதவையும் ஒன்றாகத் திறந்து, வெளியே பாத்தி கொத்திக்கொண்டிருந்தவரைப் பார்த்து, மராட்டிக்காரர்கள் சித்தப்பாவை அழைப்பதுபோல, "காகா" என்றார். ஆறு வாரத்தில் முதல் வார்த்தை. பாண்டுரங் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். உள்ளே வரலாமா என்று தெரியாமல் முதல் கதவுக்கும் இரண்டாவது கதவுக்கும் நடுவில் நின்றார். தனசீலன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

நான் மொழிபெயர்க்கலாமென்று வாயைத் திறந்தேன். தனசீலன் என் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினார்.

கிழவரின் சட்டைக்கையை முழங்கைவரை மடித்துவிட்டார். பம்பை மெதுவாக அடித்து, மூக்கை உயர்த்தி, இரண்டு முழம் தள்ளிப் பிடித்தார். பாண்டுரங் தன் கையைப் பார்த்தபடி நின்றார். ஒன்றும் விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையிலிருந்த நரைத்த மயிரெல்லாம் வெளிச்சத்தில் மினுங்க ஆரம்பித்தது. அவர் இன்னொரு கையால் அதைத் தடவி, ஈரமான விரலைப் பார்த்தார். பிறகு தனசீலனைப் பார்த்தார். மராட்டியில் ஏதோ ஒரு சொல் சொன்னார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. தனசீலன் திருப்பிச் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை.

பம்பையும் குழாயையும் பாண்டுரங்கிடம் கொடுத்தார். பிறகு பலகைமேல் இருந்த நாற்பத்தொன்றாம் நம்பர்த் தொட்டியை இரண்டு கையாலும் எடுத்து, எட்டாத தூரத்தில் ஓரமாக வைத்தார். திரும்பி வந்து பலகைக்கு முன்னால் மண்டியிட்டார். தொட்டி இருந்த இடத்தில், அதன் ஈர வட்டத்தின்மேல், தன் மோவாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, தறியை ஓட்டச் சொல்வதுபோல, "சலாவ்" என்றார்.